பொங்கல் வாழ்த்து வராத வருஷம்

திருவிடைமருதூர் தெற்கு வீதியில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் ஆறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவற்றின் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் மறுநிமிடமே வேறு ஆளாகிவிடுவார்கள். உரக்கடை வைத்திருந்த ஒருவர், பேரன் பேத்தி எடுத்தவர், சாட்டில் இருபத்தேழு வயது பெங்களூர் இன்ஜினியர். கல்லூரி மாணவன் ஒருவன் பெண் பெயரில் எழுதி, எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த தன் கூட்டாளியையே ஒரு மாதம் தூங்கவிடாமல் செய்தான். பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதும், மாட்டிக்கொண்ட கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவதும் என் வேலை. அதனால் எல்லாத் திரையும் என் கண்ணில் படும்.

எனக்குப் பிறவியிலேயே சந்தேகபுத்தி. முறுக்கு விற்க வருகிறவரிடம் ஒன்றை உடைத்துத் தின்று பார்த்துவிட்டுத்தான் பேரமே பேசுவேன். அந்த வேலை என் புத்தியை இன்னும் நன்றாகத் தீட்டிவிட்டது. எழுத்தாக மட்டும் வருகிற எந்த ஆளையும் நம்பக்கூடாது என்று முடிவு கட்டியிருந்தேன். அப்படிப்பட்ட நான்தான், செத்துப்போன என் அப்பாவாக மூன்று மாதம் மெயில் எழுதினேன்.

அப்பா கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. கையெழுத்துக்குப் பதில் ரேகை வைக்கிறவர். ஆனாலும் அவருக்கு ஒரு மெயில் ஐடி இருந்தது, நான் உண்டாக்கியது. காரணம் எங்கள் நிலம். நிலம் என்றால் எங்கள் பெயரில் இருந்த நிலம் இல்லை. தாத்தா காலம்வரை நாங்கள் பெரிய வீட்டுப் பண்ணையாட்கள். அப்பா காலத்தில்தான் அதே வீட்டின் ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, குத்தகைக்குப் பார்க்கும் நிலைமைக்கு வந்தோம். வரப்பு மூலையில் தனியாக ஒரு பனைமரம் நின்றதால் அதற்கு ஒத்தப்பனை என்று பெயர். எங்கள் சோறு, என் படிப்பு, வீட்டுக் கூரை மாறி ஓடானது, எல்லாம் ஒத்தப்பனையிலிருந்து வந்தவை.

பெரிய வீட்டு ஐயா ஊரை விட்டுக் கிளம்பியபோது வீட்டை விற்றுவிட்டார். அமெரிக்காவில் மகளோடு இருக்கப் போனார். போகிற அன்று வயல் பக்கம் வந்து நின்று அப்பாவிடம் சொன்னார்:

"இந்த நெலத்தை என்னிக்கு வித்தாலும் உனக்குத்தான். வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன். உன் பொண்ணு கம்ப்யூட்டர் படிக்குதாமே, அதை மாசம் ஒரு தடவ எனக்கு எழுதச் சொல்லு."

பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, வரப்பில் நின்று சொன்ன வார்த்தை அவ்வளவுதான். குத்தகைதாரர் என்று தாலுகா ஆபீஸில் பதிந்துகொண்டால் யாரும் லேசில் கிளப்ப முடியாது, அப்பாவுக்குப் பிறகு எங்களுக்கும் அந்த உரிமை வரும். ஊரில் பல பேர் பதிந்திருந்தார்கள். என் பெரியப்பா கூலி நெல் கூடக் கேட்டு நடந்த போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய் வந்தவர், செங்கொடிக்காரர். அவர் எங்கள் வாசலுக்கு வந்து கத்தாத வாரம் கிடையாது.

"பதிஞ்சுடுடா. அவரு எத்தனை நாளைக்கு இருப்பாரு? அவரு புள்ளைங்க உன்னைய யாருன்னு கேக்கும்."

"வார்த்தை குடுத்திருக்காருண்ணே. இப்பப் போயி பதிஞ்சா, நம்பலைன்னு ஆயிடும்ல."

அப்பாவின் இந்த நம்பிக்கை எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அதைவிட ஆத்திரம், மெயில் படிக்கும்போது அவர் நடந்துகொள்ளும் விதம். வாரச் சந்தைக்கு வந்தால் அப்படியே சென்டருக்கு வருவார். ஐயாவிடமிருந்து மெயில் வந்திருக்கிறது என்று நான் சொன்னதும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்பார். நான் படித்து முடிக்கும்வரை கம்ப்யூட்டருக்கு முன்னால் அப்படியே நிற்பார். மற்ற ஐந்து கம்ப்யூட்டர்காரர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"அவரு எங்க இருக்காரு, நீங்க எங்க இருக்கீங்க? உக்காருங்கப்பா."

"நீ படி."

ஐயாவின் மெயில் எப்போதும் தண்ணீரில்தான் தொடங்கும். மேட்டூர் திறந்தாச்சா, நம்ம வாய்க்காலுக்கு வந்துதா, முறை வைக்கிறார்களா. அதற்குப் பிறகுதான் பயிர், அதற்கும் பிறகுதான் மனுஷர்கள் சௌக்கியமா. ஆங்கில எழுத்தில் தமிழாக இருக்கும். அப்பா பதில் சொல்வார், நான் அடிப்பேன். அவர் நாலு வார்த்தை சொன்னால் நான் நாற்பதாக்கி அனுப்புவேன். பொங்கலன்று மட்டும் அவர் சொல்கிற ஒரே வரியை அப்படியே அனுப்ப வேண்டும்: 'ஐயா, பால் பொங்கிருச்சு, பொங்கல் வாழ்த்து.' அன்றைக்கே ஐயாவிடமிருந்து 'பொங்கல் வாழ்த்து, நெல் நல்லா விளையட்டும்' என்று வந்துவிடும். மூன்று பொங்கல் அப்படிப் போயிற்று.

நாலாவது வருஷம் புரட்டாசியில் ஒரு மெயில் வந்தது. அப்பா துண்டைக் கையில் எடுத்து நின்றபடி கேட்டார். படித்து முடித்த பிறகும் உட்காரவில்லை.

"தண்ணியப் பத்திக் கேக்கலியே ஐயா."

"ஏதாவது அவசரத்துல எழுதியிருப்பாருப்பா."

"அவரு தண்ணியக் கேக்காம இருக்க மாட்டாரே" என்றார். ஊரெல்லாம் சந்தேகப்படுகிற நான் அன்றைக்கு அதைத் தள்ளிவிட்டேன்.

ஐப்பசிக் கடைசியில் அடைமழை. வயலில் தேங்கிய தண்ணீரை வடியவிடப் போன அப்பா மண்வெட்டியோடு வரப்பில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் சென்டரைத் திறந்தபோது அப்பாவின் பெட்டியில் ஒரு மெயில் கிடந்தது. 'மழை அதிகம் என்று நியூஸில் பார்த்தேன், நீ ஜாக்கிரதையா இரு' என்று ஐயா எழுதியிருந்தார். படித்தவுடன் கம்ப்யூட்டர்மேல் தலையைச் சாய்த்து அழுதேன்.

அப்பா இறந்த சேதியைத்தான் எழுதியிருக்க வேண்டும். அடிக்கவும் ஆரம்பித்தேன். அன்றைக்குப் பார்த்துத்தான் மனை புரோக்கர் சென்டருக்குள் நுழைந்தார். கும்பகோணம் ரோட்டில் கல் நட்டுக் கொடி கட்டி மனை போடுகிறவர். ஆட்சி மாறினால் அவருடைய வேட்டிக் கரையும் மாறும். அப்போது வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த காலம், அதற்குத் தகுந்த கரையில் வந்திருந்தார். ஒத்தப்பனை ரோட்டை ஒட்டிய நிலம் என்பதால் அதன்மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண்.

"அப்பா போனது ஐயாவுக்குச் சொல்லியாச்சாம்மா? அவரு மெயில் இருந்தாக் குடு, நானும் ஒரு வார்த்தை துக்கம் கேட்டுக்கறேன்."

"எங்ககிட்ட இல்லீங்க" என்றேன்.

அவர் போனதும் அடித்திருந்ததை அழித்தேன். வார்த்தை கொடுத்தது அப்பாவுக்கு. அப்பா இல்லையென்று தெரிந்தால் அந்த வார்த்தை யாருக்கு? பதியாத குத்தகைக்காரனின் மகளை எந்தச் சட்டம் திரும்பிப் பார்க்கும்? ஊரில் ஐயாவுக்குச் சொந்தம் என்று யாரும் மிச்சமில்லை, அவருடைய காரியஸ்தர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். நான் எழுதாதவரை அப்பா அங்கே உயிரோடுதான் இருப்பார். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

"செத்தவரு பேருல எழுதலாமாடி?" என்றாள். அடுப்பில் கிடந்த விறகை வெளியே இழுத்தாள், திரும்ப உள்ளே தள்ளினாள். "எழுது. சம்பா அறுப்பு வரைக்கும் எழுது. பொறவு பாப்போம்."

'இங்க எல்லாரும் நல்லா இருக்கோங்க ஐயா, தண்ணி வடிஞ்சிருச்சு' என்று எழுதி அனுப்பினேன். ஒரு எழுத்துகூடத் தப்பாமல் அடித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே கொஞ்சம் வெறுப்புதான்.

அதற்குப் பிறகு எனக்கு யாரைப் பார்த்தாலும் பயம். புரோக்கர் வந்து ஒரு மணி நேரம் ஏதோ ரயில் டிக்கெட் பார்த்துவிட்டுப் போனால், அவர் போனதும் அந்த கம்ப்யூட்டரில் என்ன தட்டினார் என்று தேடுவேன். அமெரிக்காவிலிருந்து யாராவது லீவில் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அன்று சோறு இறங்காது. இதற்கு நடுவில் ஐயாவின் மெயில்கள் மாறத் தொடங்கின. மாதத்துக்கு ஒன்று என்பது வாரத்துக்கு ஒன்றானது, கேள்வியும் கூடியது.

மார்கழியில் ஒன்று வந்தது: 'குறுவை அறுப்பு பொங்கலுக்குள் முடிந்துவிடுமா?' குறுவை ஆனியில் நட்டுப் புரட்டாசியில் அறுக்கிற பயிர். மார்கழியில் வயலில் நிற்பது சம்பா. இது பிறந்ததிலிருந்து இந்த மண்ணில் நின்ற ஐயாவுக்குத் தெரியாதா? வேண்டுமென்றே தப்பாகக் கேட்கிறார், உண்மையான ஆளாக இருந்தால் திருத்துவான், போலியாக இருந்தால் ஆமாம் போடுவான் என்று பார்க்கிறார். அப்படித்தான் எனக்குப் புரிந்தது. 'சம்பாதான் நிக்குதுங்க ஐயா, கதிர் வாங்கிருச்சு' என்று பணிவாகத் திருத்தி அனுப்பிவிட்டு, மாட்டாமல் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது இன்னும் மோசம். 'சின்ன வயசில் நாம ரெண்டு பேரும் வாய்க்காலில் மீன் பிடித்தது ஞாபகம் இருக்கா?' பெரிய வீட்டுப் பிள்ளையும் பண்ணையாள் பிள்ளையும் சேர்ந்து மீன் பிடித்த கதையை நான் கேட்டதே இல்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"அவரு கரையில நிப்பாரு. உங்கப்பா தண்ணியில எறங்கி புடிச்சுக் குடுப்பாரு. சேர்ந்து எங்க புடிச்சாங்க?"

இதுவும் பொறிதான் என்று முடிவு செய்தேன். 'அதெல்லாம் மறக்குமாங்க ஐயா' என்று வழவழவென்று ஒரு பதில் போட்டேன். பதில் அனுப்பிய இரவெல்லாம் அவர் அதை எத்தனை தடவை படிப்பார், எந்த வார்த்தையில் என்னைப் பிடிப்பார் என்று புரண்டேன்.

பொங்கல் வந்தது. எங்கள் வீட்டில் அந்த வருஷம் பொங்கல் இல்லை. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பானை வைக்க மாட்டோம், வாசலில் கோலம்கூடக் கிடையாது. தெருவெல்லாம் குலவை கேட்க, அம்மா காலையிலேயே பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். நான் சென்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பா எந்த வருஷமும் தவறவிடாத ஒரே மெயில் அது. அனுப்பாவிட்டால் அங்கே சந்தேகம் வரும்.

பெட்டியைத் திறந்து 'ஐயா' என்று அடித்தேன். அடுத்து 'பால்' என்று அடிக்க வேண்டும். முடியவில்லை. செத்தவர் பேரில் தண்ணீர் வடிந்த கதை எழுதினேன், கதிர் வாங்கின கதை எழுதினேன், எல்லாப் பொய்யும் சரளமாக வந்தது. பால் பொங்கியது என்று மட்டும் எழுத விரல் வரவில்லை. துக்க வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவது அவர்களுக்கும் ஆகாது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, ஒன்றும் அனுப்பாமல் பூட்டிக்கொண்டு வந்தேன்.

சரி, அவர் வாழ்த்து வரட்டும், அதற்குப் பதிலாக ஏதாவது மழுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு வரவில்லை. மாட்டுப் பொங்கலன்றும் வரவில்லை. காணும் பொங்கலும் போயிற்று. மூன்று வருஷம் ஒருநாள் தவறாத மனுஷர். தெரிந்துவிட்டது, புரோக்கர் எப்படியோ ஐயாவை எட்டிவிட்டார், ஒத்தப்பனையில் இனி கல் நடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு அம்மாவிடம் போய் அழுதேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"அவங்க வீட்டுலயும் பொங்கல் இல்லையோ என்னமோ."

நான் அப்படியே நின்றேன். மறுநாள் சென்டருக்குப் போய்ப் பழைய மெயில் எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தேன். தண்ணீரைக் கேட்காத புரட்டாசி மெயில். மார்கழியில் குறுவை. நடக்காத மீன் கதை. சோதிக்கிறார் என்று நான் நினைத்த இடமெல்லாம் தெரியாமல் கேட்ட இடம். என்னைப் பிடிக்க யாரும் பொறி வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் இருக்கிற ஆளுக்குக் குறுவை எது, சம்பா எது என்றே தெரியவில்லை. முதலில் எனக்கு வந்தது கோபம். எங்களை ஏமாற்ற இவர்களுக்கு என்ன துணிச்சல் என்று நிஜமாகவே பொரிந்தேன். நான் செய்துகொண்டிருப்பது என்ன என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

இரண்டு நாள் யோசித்தேன். கேட்டால் நானும் அகப்படுவேன். கேட்காவிட்டால் யாரென்றே தெரியாத ஒரு ஆளின் கையில் எங்கள் நிலம். கடைசியில் ஒரே வரி எழுதினேன்: 'உங்கள் வீட்டில் இந்த வருஷம் பொங்கல் உண்டா?'

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. அதுவும் ஒரே வரி: 'உங்கள் வீட்டில்?'

'இல்லை' என்று எழுதினேன்.

'எங்கள் வீட்டிலும் இல்லை' என்று வந்தது.

அதன் பின்னால் நீளமாக ஒரு மெயில் வந்தது. எழுதியது ஐயாவின் மகள். ஐயாவுக்குக் கண்ணில் புரை, அதனால் முதலிலிருந்தே அவர் சொல்ல இவள்தான் அடித்திருக்கிறாள். ஐயா ஆவணியிலேயே போய்விட்டார். பிறகு எதற்காக அவராக எழுதினாள் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருந்தாள். 'நிலக்காரர் செத்துவிட்டார் என்று தெரிந்தால் குத்தகைக்காரர்கள் நிலத்தைப் பிடித்துக்கொள்வார்கள், உடனே தாலுகா ஆபீஸுக்கு ஓடுவார்கள் என்று என் அண்ணன்கள் சொன்னார்கள். எனக்கும் பயமாக இருந்தது, அதனால்தான் அடிக்கடி எழுதினேன். மீன் பிடித்த கதை அப்பா அடிக்கடி சொல்வது. ரெண்டு பேரும் சேர்ந்து பிடித்ததாகத்தான் சொல்வார். நீங்கள் யார்?'

நான் யார் என்று எழுதினேன். மூன்று வருஷமாக இரண்டு அப்பாக்கள் எழுதிக்கொண்டதாக நினைத்ததில் அடித்ததெல்லாம் இரண்டு பெண்கள். இதைப் படித்து நெகிழ்ந்துபோய் ஒருவரையொருவர் நம்பினோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் அடுத்து எழுதியது இதுதான்: 'ஐயாவின் இறப்புச் சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.' எழுதி அனுப்பிய அதே நேரம் அவளிடமிருந்தும் ஒரு மெயில் வந்து விழுந்தது. அவளும் அதையே கேட்டிருந்தாள். சென்டர் ஸ்கேனரில் அப்பாவின் சான்றிதழை வைத்து நானே எடுத்து அனுப்பினேன். ஐயாவுடையது மறுநாள் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் பரிமாறிக்கொண்ட முதல் உண்மை அந்த இரண்டு காகிதங்கள்தான்.

அண்ணன்களோடு அவள் என்ன சண்டை போட்டாள் என்று எனக்குத் தெரியாது. ரோட்டை ஒட்டிய இரண்டு மாவை அவர்கள் புரோக்கருக்கே கொடுத்தார்கள். பனைமரம் அதில் போயிற்று. உள்ளே இருந்த நாலு மா எங்களுக்கு என்று முடிவானது. பணத்தை எப்படியோ புரட்டினோம். பெரியப்பா மட்டும் கடைசிவரை நம்பவில்லை. "கையெழுத்துப் போட்ட பொறவு சொல்லு" என்றார்.

வைகாசியில் அவள் வந்தாள். பதிவு அலுவலகத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் வயசுதான் இருக்கும். நூல் புடவை, கண்ணாடி, ஊர்க்காற்றுக்குப் பழகாத வியர்வை. எங்கள் எண்ணைக் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் அவள்தான் ஆரம்பித்தாள்.

"உங்க அப்பா பேசற மாதிரியே எழுதினீங்க. எனக்குச் சந்தேகமே வரல."

"எங்கப்பாவுக்கு வந்துச்சு" என்றேன். "ஐயா தண்ணியக் கேக்கலையேன்னு சொன்னாரு."

அவள் என்னைப் பார்த்தாள். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. எனக்கும் அது தெரியாது. இன்றுவரை தெரியாது. தெரிந்துகொண்டேதான் நின்றாரா என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் பாக்கி இருந்தது. அவள் நல்லவள், சொன்ன வார்த்தையைப் பாதிக்குமேல் காப்பாற்றியவள், அப்படியும் அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

"உங்க வீட்டு மெயில் வந்தா எங்கப்பா உக்கார மாட்டாரு. துண்டைக் கையில எடுத்துக்கிட்டு, நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னாடி நின்னுக்கிட்டேதான் கேப்பாரு. ஆவணிக்குப் பொறவு வந்ததையும் நின்னுதான் கேட்டாரு. அதெல்லாம் நீங்க எழுதுனது."

அவள் மடியில் இருந்த பையை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். எழுந்து நின்றாள். எங்கள் எண்ணைக் கூப்பிடும்வரை சுவரோரமாக அப்படியே நின்றாள். நானும் உட்காருங்க என்று சொல்லவில்லை.